டிஆர்எல் (காரில் பகலிலும் எரியும் முன்விளக்கு): மாட்டியவர்கள், மாட்டப் போகிறவர்கள் கவனத்துக்கு

ஸ்பேனர்:
வெளியே வாங்கி மாட்டுகிறவர்கள் முதலில் சறுக்குவது பவர் எடுக்கும் இடத்தில். பேட்டரி பிளஸ்ஸில் நேராகக் கொடுத்தால் சாவியை எடுத்த பிறகும் எரியும். 10 வாட் செட் ஏறக்குறைய 0.8 ஆம்பியர் இழுக்கும். 45 ஏஎச் (ஆம்பியர்-மணி) பேட்டரி இரண்டரை நாள்கூடத் தாங்காது. இக்னிஷன் ஆன் செய்தால் மட்டும் 12 வோல்ட் வரும் ஃபியூஸ் பாக்ஸ் ஸ்லாட்டை மல்டிமீட்டரில் தேடி, ஃபியூஸ் டேப்பில் (ஸ்லாட்டில் செருகி தனி வயர் எடுக்கும் இணைப்பில்) 3 ஆம்பியர் ஃபியூஸ் போடுங்கள். எர்த், பெயிண்ட் சுரண்டிய பாடி போல்ட்டில். மூன்றாவது வயர் இருந்தால் அது பார்க் லைட் பிளஸ்ஸுக்கு. அதை விட்டுவிட்டால் ராத்திரியிலும் முழு வெளிச்சத்தில் எரிந்து எதிரே வருகிறவர் கண்ணைக் கூசவைக்கும்.

மல்டிமீட்டர்:
பேட்டரியிலேயே இணைத்து, 13 வோல்ட்டைத் தாண்டினால் விளக்கைத் தானாக எரியவிடும் மாடியூலும் (சின்ன கட்டுப்பாட்டுப் பெட்டி) கிடைக்கிறது. பழைய வண்டிக்குச் சரி. தேவைக்கேற்ப சார்ஜ் வோல்டேஜை ஏற்றி இறக்கும் ஸ்மார்ட் ஆல்டர்னேட்டர் உள்ள புது வண்டியில் ஓடும்போதே வோல்டேஜ் இறங்கும், விளக்கு விட்டுவிட்டு எரியும். மாடியூல் கெட்டுவிட்டது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகாதீர்கள்.

நாலுவழிச்சாலை:
ஐ.நா. விதி 87 ஒரு விளக்குக்கு 400 முதல் 1200 கேண்டெலா (ஒளிச்செறிவின் அலகு) வரை கேட்கிறது. பொருத்துவதற்கான விதி 48-இன்படி உயரம் தரையிலிருந்து 25 முதல் 150 செ.மீ., இரண்டு விளக்குக்கும் நடுவே குறைந்தது 60 செ.மீ. பசை போட்டு ஒட்டும் மலிவான ஸ்ட்ரிப்பில் ஒளியை முன்னோக்கிக் குவிக்கும் லென்ஸ் கிடையாது. உச்சி வெயிலில் எரிவதே தெரியாது. அது அலங்காரம், அவ்வளவுதான்.

மலைப்பாதை:
பலன் இடத்தைப் பொறுத்தது. ஸ்வீடன் 1977-லேயே பகலில் விளக்கைக் கட்டாயமாக்கியதற்கு அங்கே தாழ்வாகவே நிற்கும் சூரியன் ஒரு காரணம். நம் ஊர் மத்தியான வெயிலில் பெரிய வித்தியாசம் இருக்காது. புளியமர நிழல் விழும் இருவழிச் சாலை, கொண்டை ஊசி வளைவு, முந்துவதற்கு முன் எதிர்த்திசையைப் பார்க்கும் அந்த ஒரு விநாடி, அங்கேதான் உதவும். பைக்குக்கு 2017 ஏப்ரலிலிருந்து இங்கே ஹெட்லைட் எப்போதும் எரிகிறது. காரும் எரியவிட்டால் கூட்டத்தில் பைக் தனியாகத் தெரியாது என்ற குறையில் நியாயம் உண்டு.

பின்விளக்கு:
என்னைக் கேட்டால் பெரிய ஆபத்து பின்னால் இருக்கிறது. பல வண்டிகளில் டிஆர்எல் எரியும்போது டெயில் லைட் எரியாது. மீட்டர் போர்டு இக்னிஷனோடு பளிச்சென்று எரிவதால் எல்லா விளக்கும் எரிகிறது என்றே ஓட்டுகிறவர் நினைப்பார். அடைமழையில், பொழுது சாயும் நேரத்தில், பின்னால் வரும் லாரிக்கு அந்தக் கார் தெரியாது. 1989 டிசம்பரிலிருந்து புது வண்டிகளுக்கு டிஆர்எல்லைக் கட்டாயமாக்கிய கனடாவே இந்த ஓட்டையை அடைக்க விதியைத் திருத்தியது, அது 2021-இல் அமலுக்கு வந்தது. ஹெட்லைட் ஸ்விட்சை ஆட்டோவில் விட்டாலும் மழை, பனிமூட்டத்தை சென்சார் பல சமயம் இருட்டாக எடுத்துக்கொள்ளாது. கையால் திருப்பி, மீட்டரில் பச்சை விளக்குச் சின்னம் வந்ததா என்று பாருங்கள்.

ஸ்பேனர்:
செலவையும் சொல்லிவிடுகிறேன். எல்இடி செட் 10 வாட் தின்னும் இடத்தில் ஹாலஜன் லோ பீம் இரண்டும் சேர்ந்து 110 வாட், அதனால் மைலேஜ் பயம் வேண்டாம். ஆனால் கம்பெனி டிஆர்எல் ஹெட்லைட்டுக்குள்ளேயே ஒட்டியிருந்தால், எல்இடி போர்டு மட்டும் போனாலும் பல மாடல்களில் முழு அசெம்பிளிதான் மாற்றணும்.

புதுவண்டி:
இண்டிகேட்டர் போட்டால் அந்தப் பக்க டிஆர்எல் அணைகிறது. பழுதா?

மல்டிமீட்டர்:
இல்லை. பக்கத்திலேயே வெள்ளை எரிந்தால் மஞ்சள் சிமிட்டல் அதில் கரைந்துவிடும். அதனால் அப்படியே வடிவமைத்திருக்கிறார்கள்.