நிரல்மொழி வடிவமைப்பைப் புதியவர்களுக்குச் சொல்லித்தரும்போது சறுக்கும் இடங்கள்

நிரலைச் சொற்களாக (டோக்கன்களாக) வெட்டும் லெக்ஸர், அவற்றை இலக்கணப்படி அடுக்கும் பார்சர் என்று தொடங்கினால் பலர் இலக்கணத்திலேயே சிக்கிக்கொள்கிறார்கள். மதிப்பிடும் ஃபங்ஷனை முதலில் எழுத வையுங்கள். 1 + 2 * 3 போன்ற கோவையை ['+', 1, ['*', 2, 3]] என்று பட்டியலாகக் கையாலேயே கொடுத்துவிடலாம். எண் வந்தால் அப்படியே திருப்பவேண்டும். பட்டியல் வந்தால் உள்ளே இருப்பவற்றை மதிப்பிட்டு, முதலில் நிற்கும் செயலைச் செய்யவேண்டும். இருபது வரிக்குள் 7 வந்துவிடும். 1960ல் ஜான் மெக்கார்த்தி, தான் உருவாக்கிய லிஸ்ப் நிரல்மொழியை விளக்கியதும் ஏறக்குறைய இப்படித்தான்.

அடுத்து, நிபந்தனையைப் பார்த்து இரண்டு கிளைகளில் ஒன்றை மட்டும் ஓட்டும் 'எனில்' (if) சேர்க்கட்டும். கூட்டலைப் போலவே எல்லாவற்றையும் முன்கூட்டி மதிப்பிட்டுவிடுவார்கள். இரண்டு கிளையும் ஓடும். வெறும் எண்களை வைத்துச் சோதித்தால் இது தெரியாது. தன்னையே அழைக்கும் ஃபங்ஷனாக ஃபேக்டோரியல் எழுதச் சொல்லுங்கள், அழைப்பு நிற்காமல் போய் ஸ்டாக் (அழைப்புகளை நினைவில் வைக்கும் இடம்) நிரம்பி விழும்.

*

பார்சருக்கு வந்தபின் 10 - 4 - 3 கொடுங்கள். 'கோவை = கோவை - எண்' என்ற விதியை அப்படியே ஃபங்ஷனாக்கினால், ஒரு டோக்கனைக்கூடப் படிக்காமல் தன்னையே அழைத்துக்கொண்டிருக்கும். பயந்துபோய் 'எண் - கோவை' என்று திருப்பிப்போட்டால் ஓடும், ஆனால் விடை 9. முதல் எண்ணைப் படித்துவிட்டு, கழித்தல் குறி வந்துகொண்டிருக்கும்வரை வைல் லூப்பில் இடமிருந்து சேர்த்துக்கொண்டே போனால்தான் 3. கூட்டலை மட்டும் சோதிப்பவர்களுக்கு இந்தப் பிழை கண்ணில் படவே படாது.

டோக்கனோடு வரி எண்ணையும் முதலிலேயே சேமிக்கச் சொல்லுங்கள். பிறகு நுழைப்பது பெரும் தொல்லை.

*

மேலே சொன்னதெல்லாம் சரி, ஆனால் அதிகம் குழப்புவது, பிறந்த இடத்து மாறிகளை நினைவில் வைத்திருக்கும் ஃபங்ஷனான குளோஷர்தான். 'கூட்டி' என்ற ஃபங்ஷன் அ-வை வாங்கிக்கொண்டு, ஆ-வை வாங்கி அ + ஆ தரும் இன்னொரு ஃபங்ஷனைத் திருப்புகிறது என்று வையுங்கள். வெளியே அ = 100 என்று வைத்துவிட்டு, கூட்டி(5)(1) ஓட்டுங்கள். 6 வரவேண்டும். 101 வந்தால், ஃபங்ஷன் பிறந்த இடத்துச் சூழலை (எந்தப் பெயருக்கு என்ன மதிப்பு என்ற பட்டியலை) விட்டுவிட்டு அழைத்த இடத்துச் சூழலில் அ-வைத் தேடியிருக்கிறார்கள். ஃபங்ஷன் மதிப்புக்குள் அளபுருக்கள், உடல், பிறந்த சூழல் என மூன்றும் இருக்கவேண்டும். மூன்றாவதைத்தான் மறப்பார்கள்.

*

ஓடுவதற்கு முன்பே வேறு நிரல்வரிகளாக விரிந்துகொள்ளும் மேக்ரோவை இதற்குப் பிறகே தொடுங்கள். இரண்டு மாறிகளை இடமாற்றும் மேக்ரோ 'தற்காலிகம்' என்ற பெயரை உள்ளே பயன்படுத்தினால், பயனரின் மாறிக்கும் அதே பெயர் இருக்கும்போது இடமாற்றம் நடக்காது, பிழைச்செய்தியும் வராது. ஒவ்வொரு விரிவாக்கத்துக்கும் வேறெங்கும் வராத புதுப்பெயரை உருவாக்கிக்கொள்ளவேண்டும்.