புதுப்பிப்பு: கொடுங்கையூர் சம்ப் மோட்டார், இப்போதுதான் 'தீர்ந்தது'

போன வாரம் எழுதியது: அரை ஹெச்பி மோனோபிளாக் (மோட்டாரும் பம்பும் ஒன்றாகச் சேர்ந்தது) ஓடுகிறது, டேங்குக்குத் தண்ணீர் ஏறவில்லை; தினமும் காலையில் பம்பின் வாய் வழியாக நீர் ஊற்றினால்தான் இழுக்கிறது. மோட்டாரைக் கிளப்பிவிடும் கெப்பாசிட்டரை மாற்றியதும் 'தீர்ந்தது' என்று குறித்தது அவசரம். கெப்பாசிட்டர் போனால் மோட்டார் உறுமும், சுற்றாது. இது நன்றாகவே சுற்றியது!

கோளாறு புட் வால்வில், அதாவது உறிஞ்சு குழாயின் அடிமுனையில் நீர் திரும்ப இறங்காமல் தடுக்கும் வால்வில். சம்ப் அடியில் சேர்ந்த மணல் அதன் மடலில் சிக்கி, ராத்திரி முழுக்க நீர் சம்புக்கே இறங்கிவிட்டது.

சோதனை எளிது. மெயின் சுவிட்சை அணைத்து, நீர் ஊற்றும் மூடியைத் திறந்து விளிம்பு வரை நிரப்பி, அரை மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்கினால் புட் வால்வு, அல்லது உறிஞ்சு குழாயில் கசிவு. ஜாயின்ட்டைத் தடவிப் பார்க்க இதுவே நேரம். மோட்டார் ஓடும்போது அங்கே காற்று உள்ளே போகுமே தவிர, சொட்டுத் தெரியாது.

வால்வைக் கழுவி, மடல் ரப்பர் மாற்றி, மரைக்கு டெஃப்லான் டேப் சுற்றியாயிற்று. வால்வு இப்போது தரையிலிருந்து அரை அடி மேலே. முன்பு வண்டலிலேயே உட்கார்ந்திருந்தது, பிறகு மணல் சிக்காமல் என்ன செய்யும்?

மூன்று ராத்திரி மட்டம் இறங்கவில்லை. பழைய கெப்பாசிட்டர் நன்றாகவே இருக்கிறது, தூக்கிப் போட வேண்டாம்.