இசைக்குழுத் தளத்தில் நிறங்கள் ஒன்றோடொன்று ஒட்டவில்லை: எதை மாற்றுவது?

கரிக்கோல்:
வணக்கம். நண்பர்கள் நடத்தும் ராக் இசைக்குழு ஒன்றின் இணையதளத்தை நான் பராமரித்து வருகிறேன். பின்னணி முழுக் கறுப்பு. குழுவின் அடையாள நிறமான அடர்சிவப்பையே (சிவப்பு 139, பச்சை 0, நீலம் 0) தலைப்பு, இணைப்பு, பொத்தான் எல்லாவற்றுக்கும் வைத்திருக்கிறேன். ஆனாலும் பார்ப்பவர்கள் ஏதோ இடிக்கிறது என்கிறார்கள். லோகோவைச் சுற்றி மங்கலாக ஒரு சதுரம் தெரிகிறது. கச்சேரிப் படங்கள் ஊதா, பச்சை, ஆரஞ்சு என ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. புதிய ஆல்பத்தின் அட்டையோ மஞ்சள். ஆல்பத்துக்கேற்பத் தளத்தின் நிறத்தையே மாற்றிவிடலாமா?

மைத்துளி:
அந்தச் சதுரத்துக்கு மட்டும் பதில் சொல்கிறேன். உங்கள் லோகோ அச்சகத்துக்குக் கொடுத்த சிஎம்ஒய்கே (அச்சின் நான்கு மை நிறங்களில் அமைந்த) கோப்பிலிருந்து வந்திருக்கக்கூடும். அச்சில் கறுப்பு மையை மட்டும் நூறு சதவீதம் வைத்த இடம், போட்டோஷாப் போன்ற மென்பொருளில் திரைக்கு மாற்றப்படும்போது பெரும்பாலும் 35, 31, 32 என்ற கருஞ்சாம்பலாகிவிடும். அதைச் சுத்தக் கறுப்பின்மேல் வைத்தால் ஓரம் தெரியத்தான் செய்யும். லோகோ வரைந்தவரிடம் மூலக் கோப்பைக் கேட்டு, பின்னணியே இல்லாத எஸ்விஜி (எந்த அளவிலும் மங்காத கோட்டுப்பட) வடிவில் வாங்கிக்கொள்ளுங்கள். சிவப்பின் எண்ணையும் இந்தப் படத்திலிருந்து உறிஞ்சி எடுக்காதீர்கள். மாற்றத்தில் அதுவும் திரிந்திருக்கும்.

நடுநிசி:
ஒரே சிவப்பை எல்லா வேலைக்கும் அமர்த்தியதுதான் அடிப்படைச் சிக்கல் என்பது என் கருத்து. டபிள்யூசிஏஜி எனப்படும் அணுகல்தன்மை நெறிகள் சாதாரண அளவு எழுத்துக்கு 4.5:1 ஒளிமாறுபாடு (எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான வெளிச்ச விகிதம்) கேட்கின்றன. உங்கள் சிவப்பு கறுப்பின்மேல் ஏறத்தாழ 2.1:1தான் தருகிறது. வெயிலில் கைப்பேசியைப் பிடித்தால் கச்சேரித் தேதிகள் காணாமலே போய்விடும். அதே சிவப்பைப் பொத்தானில் நிரப்பி, மேலே வெள்ளை எழுத்தை வைத்தால் மாறுபாடு 10:1 ஆகிவிடுகிறது. ஆகவே அடர்சிவப்பு நிரப்புவதற்கு, சற்று வெளிறிய வெள்ளை படிப்பதற்கு, 229, 72, 77 போன்ற இளஞ்சிவப்பு இணைப்புகளுக்கு எனப் பணியைப் பிரித்துவிட்டு, அவற்றைச் சிஎஸ்எஸ் (தளத்தின் தோற்றத்தை வரையறுக்கும் நிரல்) மாறிகளாக ஒரே இடத்தில் எழுதிவையுங்கள்.

திரைச்சீலை:
மேலே சொன்னவற்றை ஏற்கிறேன். ஆனால் கண்ணை முதலில் இழுப்பவை படங்கள் என்பதால் அவற்றைத் தீர்க்காமல் எண்களைத் திருத்திப் பயனில்லை. மேடையின் எல்இடி விளக்கு முழு நீலத்திலோ ஊதாவிலோ எரியும்போது கேமரா தனித்தனியே பதியும் சிவப்பு, பச்சை, நீலத் தடங்களில் ஒன்று நிரம்பி வழிய, மற்றவற்றில் அநேகமாக ஒன்றும் பதிவாகாது. பாடகரின் முகம் நெற்றி முதல் மோவாய் வரை விவரமற்ற ஒரே நீலத் திட்டாகிவிடும். இல்லாத தகவலை வெண்சமநிலைத் திருத்தம் (விளக்கின் நிறச்சாயலை நீக்கும் திருத்தம்) மீட்டுத் தராது. அத்தகைய படங்களை, நிரம்பாத தடத்தில் எஞ்சியிருப்பதைக் கொண்டு கறுப்புவெள்ளையாக்கிப் பட்டியல்களிலும் செய்திப் பக்கத்திலும் இடுங்கள். வண்ணத்தைக் கச்சேரித் தொகுப்புக்குள் வைத்துக்கொண்டு, ஒரு கச்சேரியின் படங்களை அடுத்த கச்சேரியோடு கலக்காதீர்கள். எல்லாவற்றின்மீதும் சிவப்பைப் பூசும் வழக்கம் ஒன்று உண்டு. முகங்கள் வெந்தாற்போல் ஆகிவிடுவதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. அடோபி ஆர்ஜிபி என்ற அகன்ற நிறவெளியில் வரும் படங்களை, இணையத்துக்கு வழக்கமான எஸ்ஆர்ஜிபி நிறவெளிக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள். மாற்றாமல், கோப்பின் நிறவெளி எது என்று சொல்லும் நிறவிவரத்தை மட்டும் நீக்கினால் உலாவியில் வெளிறித் தெரியும்.

ஆல்பத்தைப் பொறுத்தவரை, 2011இல் கலைந்த ஒயிட் ஸ்ட்ரைப்ஸ் என்ற அமெரிக்க ராக் குழுவினர் சிவப்பு, வெள்ளை, கறுப்பு என்ற மூன்றையே ஆல்பம் அட்டையிலும் உடையிலும் கடைப்பிடித்தார்கள். உங்கள் நண்பர்கள் மேடையிலேயே அப்படிக் கட்டுப்படுவதில்லை எனும்போது தளம் மட்டும் கட்டுப்பட்டு என்ன பயன்? முகப்பின் ஒரு பட்டையிலும் முதன்மைப் பொத்தானிலும் மட்டும் மஞ்சளை அனுமதியுங்கள். மஞ்சள்மேல் எழுத்து கறுப்பாகவே இருக்க வேண்டும்.

கரிக்கோல்:
மிக்க நன்றி. லோகோ நிச்சயமாக அச்சகக் கோப்புதான். இன்னும் ஒன்று: வெளி நிறுவனத்தின் டிக்கெட் கட்டம் எங்கள் பக்கத்துக்குள் பளீர் நீலத்தில் வந்து நிற்கிறது. அதை மாற்ற வழி உண்டா?

நடுநிசி:
வேறு தளத்திலிருந்து ஐஃபிரேமாக (பக்கத்துக்குள் பதிக்கப்பட்ட வேறொரு பக்கமாக) வருவதென்றால் உங்கள் சிஎஸ்எஸ் அதற்குள் எட்டாது. நிறத்தைத் தேர்ந்தெடுக்கும் வசதி அவர்களின் அமைப்புப் பக்கத்தில் இருக்கிறதா என்று பாருங்கள்; இல்லையென்றால் கட்டத்தை எடுத்துவிட்டு, உங்கள் பொத்தானிலிருந்து அவர்களின் பக்கத்துக்கு நேரடி இணைப்புக் கொடுத்துவிடுங்கள்.