டாரட், ஆரக்கிள் கார்டுக்குச் சொல்: ஜோசியம் வேண்டாம்

வணக்கம்,

டாரட், ஆரக்கிள் என்ற படச்சீட்டுகளுக்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் குறிச்சீட்டு, ஆரூட அட்டை, நிமித்த அட்டை என்று மூன்று சொற்கள் வந்துவிட்டன. கேட்க நன்றாகத்தான் இருக்கின்றன, ஆனால் என் வேலைக்கு ஒன்றுகூட ஆகாது. இங்கே பெங்களூரில் அல்சூர் பக்கம் நாங்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமை கூடி இந்தக் கார்டுகளை வைத்துப் பேசுகிறோம். கல்யாணம் எப்போது, ஆன்சைட் (வெளிநாட்டு வேலை) கிடைக்குமா என்று யாரும் கேட்பதில்லை. ஒரு கார்டை எடுக்க வேண்டும், படத்தைப் பார்க்க வேண்டும், அது கிளப்பும் கேள்விக்கு மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அதற்கு ஒரு சின்னத் தமிழ்க் கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் 'ஆரூடம்' என்று போட்டால் வாங்குகிறவர் ராசிபலனைத் தேடிவிட்டு மூடி வைத்துவிடுவார்.

> கார்டை எடுத்துப் பலன் சொல்வதுதானே? கிளி ஜோசியத்துக்கும் இதற்கும் கிளி ஒன்றுதான் வித்தியாசம்.

சார், சிரித்துவிட்டேன். (கிளியையும் இனிமேல் கூண்டில் வைக்க முடியாது, 1972ஆம் வருடத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது.) ஆனால் டாரட் ஜோசியத்துக்காகப் பிறந்ததில்லை. 15ஆம் நூற்றாண்டில் வட இத்தாலியில், மிலன், ஃபெராரா பக்கத்துப் பிரபுக்கள் ஆடிய சீட்டாட்டம் அது. பலன் பார்க்கிற பழக்கம் பெரிதாகப் பரவியது 18ஆம் நூற்றாண்டுப் பிரான்சில். 1781இல் கூர் த ஜெபெலன் என்பவர் இது பழைய எகிப்தியரின் ஞானம் என்று ஆதாரமே இல்லாமல் எழுதிவைக்க, அந்தக் கதை இன்றுவரை விடாமல் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நடுவில் ஏறிய சங்கதியைப் பெயரிலேயே பூட்டிவைக்க வேண்டுமா?

அப்புறம் 'மேஜர் ஆர்கானா' என்கிற 22 டாரட் சீட்டுகளுக்குப் 'பெருமறை' என்றொரு யோசனை வந்தது. 78 சீட்டில் அந்த 22இல், 'முட்டாள்' சீட்டு ஒன்றைத் தவிர மீதி 21ம் அந்த ஆட்டத்தில் மற்றச் சீட்டுகளை வெட்டுவதற்கு இருந்தவை. அதாவது துருப்பு. நம் வீட்டுத் திண்ணையில் புழங்கும் சொல் கையில் இருக்கும்போது மறை எதற்கு? மீதி 56க்கு வாள், கோப்பை, கோல், காசு என்று நாலு இனம், சுலபமாக முடிந்துவிடுகிறது.

தன்னிடமே நேர்மையாக இருக்க இந்தச் சீட்டு எப்படி உதவும் என்று கேட்டிருந்தீர்கள். வாள் இனத்தின் ஏழாம் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 1909இல் லண்டனில் வெளிவந்த 'ரைடர்' டாரட் சீட்டுக்கட்டில், பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்த படம்: கூடாரங்களிலிருந்து ஒருவன் ஐந்து வாள்களைக் கூர்ப்பக்கமாகவே பிடித்துத் தூக்கிக்கொண்டு நுனிக்காலில் நழுவுகிறான், முகம் மட்டும் பின்னால் திரும்பியிருக்கிறது, இரண்டு வாள் மண்ணில் குத்தியபடி நிற்கிறது. எங்கள் குழுவில் ஒருத்திக்கு இது வந்தது. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "தினமும் மேனேஜரிடம் சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் நிற்கிறேன் என்கிறேன், அப்போது வீட்டில் காபி ஆற்றிக்கொண்டிருப்பேன்" என்றாள். எல்லாரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து, பொய் சொல்வது மேனேஜரிடம் இல்லை, இந்த வேலை தனக்குப் பிடிக்கவில்லை என்பதைத் தன்னிடமே மறைப்பதுதான் விஷயம் என்று அவளே வந்து சேர்ந்தாள். இதில் எந்த இடத்தில் ஆரூடம் இருக்கிறது? சீட்டுக்கு ஒன்றும் தெரியாது. கேள்வி கேட்க ஒரு சாக்கு, அவ்வளவே.

அதனால் என் பரிந்துரை: ஆரக்கிள் கார்டு = உசாச்சீட்டு. உசாவுதல் என்றால் கேட்டு ஆராய்தல், கலந்து யோசித்தல். உசாத்துணை (எழுதும்போது பார்க்கும் ஆதார நூல்) நமக்குப் பழக்கமான சொல். டாரட்டை டாரட் என்றே விட்டுவிடலாம், அது ஒரு குறிப்பிட்ட கட்டின் பெயர். ஆரக்கிள் கட்டுக்குத்தான் எண்ணிக்கையும் கிடையாது, இனமும் கிடையாது, வரைகிறவர் இஷ்டம், அதற்குப் பொதுப்பெயர் கட்டாயம் வேண்டும்.

*

உசாச்சீட்டு நன்றாக இருக்கிறது தங்கச்சி. ஆனால் இரண்டு விஷயம். ஒன்று, 'சீட்டு' என்றதும் எங்கள் மும்பை தாராவியில் மாதச் சீட்டைத்தான் நினைப்பார்கள். இன்னொன்று, 'விரிச்சி'யை, அதாவது தற்செயலாகக் காதில் விழும் சொல்லை வைத்துக் குறி பார்ப்பதை, ஏன் விட்டுவிட்டீர்கள்? முல்லைப்பாட்டில் முதிய பெண்கள் பூத்தூவி விரிச்சி கேட்டு நிற்க, ஓர் ஆய்மகள் கன்றைப் பார்த்து 'இன்னே வருகுவர் தாயர்' என்கிறாள், அதைத் தலைவிக்கான பதிலாக எடுத்துக்கொள்கிறார்கள். சம்பந்தமில்லாத ஒன்றில் தன் பதிலைப் பார்ப்பது, நீங்கள் சொல்வதும் அதுதானே? விரிச்சிச்சீட்டு!

*

அக்கா, அந்த உதாரணம் பிரமாதம், கையேட்டின் முன்னுரையில் நிச்சயம் சேர்க்கிறேன். ஆனால் அந்தப் பெண்கள் கேட்டது போருக்குப் போனவன் வருவானா என்று. அது நடக்கப்போவது பற்றிய கேள்வி. எனக்கு வேண்டியது நான் ஏற்கெனவே அறிந்தும் ஒப்புக்கொள்ளாதது பற்றிய கேள்வி. அதோடு 'விரிச்சிச்சீட்டு' என்று இரண்டு தடவை வேகமாகச் சொல்லிப் பாருங்கள்.

மாதச் சீட்டுக் குழப்பம் இங்கேயும் உண்டுதான். ஆனால் முன்னால் 'உசா' இருக்கிறது, பின்னால் ஏலம் இல்லை, ஆள் குழம்பமாட்டார். 'அட்டை' என்று போட்டால் ஆதாரும் ரேஷனும் வரிசையில் வந்து நிற்கும்.

ஆக கையேட்டில் உசாச்சீட்டு என்றே போடுகிறேன். சீட்டுகளைப் பரப்பி வைக்கும் முறையான 'ஸ்ப்ரெட்' என்பதற்கு விரிப்பு போதும். தலைகீழாக வரும் சீட்டுக்கு 'கவிழ்சீட்டு' என்று எழுதி வைத்திருக்கிறேன், எனக்கே அவ்வளவு பிடிக்கவில்லை, வேறு தோன்றினால் தனி இழையில் போடுங்கள்.