சப்ளையர் ஆடிட்டில் (பொருள் வாங்கும் பையருக்காக, அதைச் செய்து தரும் கம்பெனியில் நடக்கும் சோதனை) பார்த்ததில் இன்னும் உறுத்துவது எது?

ஊசிக்கணக்கு
புதுச்சேரி சேதராப்பட்டு பக்கம் ஒரு தையல் யூனிட். நாலு பில்லர் ஸ்மெட்டா (தொழிலாளர் நிலை, பாதுகாப்பு, சுற்றுச்சூழல், வணிக நேர்மை நாலையும் பார்க்கும் ஆடிட்), தேதி சொல்லாமல் மூன்று வாரத்துக்குள் எந்த நாளும் வருவோம் என்ற விண்டோ. பயோமெட்ரிக், வருகைப் பதிவு, சம்பளப் பட்டியல் மூன்றும் அச்சுப் பிசகாமல் ஒத்துப்போனது. வாரம் 48 மணி, ஓவர்டைம் 8 மணி, ஞாயிறு எல்லாம் விடுமுறை. அவ்வளவு சுத்தமாக இருந்தாலே சந்தேகம்தான். நிஜமான கம்பெனியில் மாதம் நாலு பேருக்காவது பஞ்ச் விட்டுப்போயிருக்கும்.

உடைந்த ஊசி ரெஜிஸ்டரைத் திறந்ததும் எல்லாம் வெளியே வந்தது. ஊசி உடைந்தால் துண்டு அத்தனையும் தேடி எடுத்து, செல்லோடேப் போட்டுப் பக்கத்தில் ஒட்டி, தேதி, மணி, மெஷின் நம்பர், ஆபரேட்டர் கையெழுத்து போட வேண்டும். குழந்தை உடுப்புக்குள் ஒரு முனை போய்விட்டால் மொத்த லாட்டும் திரும்பி வரும் என்ற பயத்தில் இதில் மட்டும் யாரும் பொய் எழுதுவதில்லை. அந்தப் பக்கத்தில் 11-ம் சைஸ் ஊசி ஒன்று, மூன்று துண்டாக. கீழே "ஞாயிறு, இரவு 9.40". அந்த மாதத்தின் நாலு ஞாயிறுக்கும் ஊசி ஒட்டியிருந்தது. கையெழுத்துப் போட்ட பெண்ணுக்கு வருகைப் பதிவில் நாலு நாளும் வார விடுமுறை.

ஜெனரேட்டர் டீசல் லாக், வெளியே போகும் சரக்கை வாட்ச்மேன் எழுதும் அவுட்வேர்டு நோட்டு, டீ பில் இவையும் இதே ரகம். எச்.ஆர். கை படாத நோட்டு எது என்று முதலில் கேளுங்கள்.

உப்பனாறு
நம்ம கடலூர் சிப்காட் பக்கம். கடலுக்குப் போகும் பொதுக் குழாயில் சேராத யூனிட், வாசலில் "ஜீரோ டிஸ்சார்ஜ்" போர்டு, அதாவது கழிவுநீர் ஒரு சொட்டும் வெளியே விடுவதில்லை என்று. ஆடிட்டர்கள் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் ஈடிபி-யைச் சுற்றி வந்து, பிஎச் மீட்டரைப் போட்டோ எடுத்து, லேப் ரிப்போர்ட்டை வாங்கிக்கொண்டு போவார்கள். கூட்டல் கழித்தல் யாரும் போடுவதில்லை.

நாளைக்கு 100 கிலோலிட்டர் கழிவுநீர், அதில் கரைந்த உப்பின் அளவான டிடிஎஸ் 10,000. அதாவது லிட்டருக்கு 10 கிராம், நாளைக்கு 1 டன் உப்பு. கழிவுநீரைக் காய்ச்சி வற்றவைக்கும் எவாப்பரேட்டரில் தண்ணீர்தான் ஆவியாகும், உப்பு எங்கேயும் போகாது. 25 நாள் ஓடினால் 25 டன், 50 கிலோ மூட்டையில் 500 மூட்டை. ஷெட்டில் இருந்தது ஆறு மூட்டை, மேல் மூட்டையில் ஒட்டடை. அபாயக் கழிவை 90 நாளுக்கு மேல் வைக்கக்கூடாது, வண்டி ஏறினால் படிவம் 10 மேனிஃபெஸ்ட் இருக்க வேண்டும். கும்மிடிப்பூண்டி அபாயக் கழிவுக் கிடங்குக்கு நாலு மாதத்தில் ஒரே லோடு போயிருக்கிறது. மீதி உப்பு எங்கே என்று கேட்டதற்கு மேனேஜர் சொன்ன பதில்: "தண்ணியிலேயே குறைஞ்சிடும் சார்."

இன்னொரு சோதனையும் உண்டு. மூன்று எஃபெக்ட் எவாப்பரேட்டர் (நீராவியின் சூட்டை மூன்று கட்டமாகப் பயன்படுத்துவது) ஒரு டன் தண்ணீரை ஆவியாக்கச் சுமார் 400 கிலோ நீராவி கேட்கும். பாய்லர் விறகு பில்லை வாங்கிப் பாருங்கள். பில் அந்த அளவுக்கு இல்லையென்றால் எவாப்பரேட்டர் ஓடுவது ஆடிட் அன்றைக்கு மட்டும்தான்.

பாகூர்க்காரர்
சின்ன விஷயம், ஆனால் அடிக்கடி நடக்கிறது. யூனிட் இருப்பது புதுச்சேரி எல்லைக்குள், கான்ட்ராக்டர் ஆபீஸ் கடலூரில். சம்பளச் சீட்டைத் தமிழ்நாட்டுக் குறைந்தபட்சக் கூலி ஆணையோடு ஒப்பிட்டு "சரி" போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வேலை நடக்கும் இடத்தின் ஆணைதான் செல்லும். தெருவுக்கு அந்தப் பக்கம் வேறு அரசு என்பது மும்பையிலிருந்து வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

லைன் ப்ளானிங்
ஊசிக்கணக்கு அண்ணே, ஞாயிறு வேலையைக் கண்டுபிடித்தீர்கள், சரி. அந்த ஞாயிறு எங்கிருந்து வந்தது? பையர் கொடுத்த ஆர்டர் தாளான பி.ஓ-வைப் பார்த்தீர்களா? 60 மெஷின், 480 நிமிடம், எஃபிஷியன்சி 55 சதவீதம், பீஸுக்கு 18 நிமிட எஸ்ஏஎம் (ஒரு பீஸ் தைக்கக் கணக்கிட்ட நேரம்) என்றால் நாளைக்கு 880 பீஸ்தான் வரும். 25,000 பீஸுக்கு 28 நாளுக்கு மேல் வேண்டும். தையல் தொடங்குமுன் பையர் சரி சொல்ல வேண்டிய பிபி சாம்பிள் அப்ரூவலை எட்டு நாள் இழுத்தடித்துவிட்டு, ஷிப்மென்ட் தேதியை மட்டும் நகர்த்தாத பையர் கொடுப்பது 24 நாள். மூன்று ஞாயிறு போக 21. அதில் 18,480 பீஸ். மீதி 6,520-ஐ யார் தைப்பது? உங்கள் ஊசிதான்.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், சிஏபி (குறையைச் சரிசெய்யும் திட்டம்) எழுதும்போது "தொழிலாளர்களுக்கு வேலை நேரம் பற்றிப் பயிற்சி" என்று எழுதாதீர்கள். இரவு 9.40-க்கு உட்காரச் சொன்னது அவர்கள் இல்லை. பி.ஓ. தேதி, துணி வந்து சேர்ந்த தேதி, சாம்பிள் அப்ரூவ் ஆன தேதி, ஷிப்மென்ட் தேதி, இந்த நாலையும் ஒரே வரியில் எழுதி, எது நகர்ந்தது, யார் நகர்த்தினார் என்று காட்டுங்கள். அதை பையரின் கம்ப்ளையன்ஸ் ஆளுக்கு மட்டும் அனுப்பினால் ஃபைலில் தூங்கும், ஆர்டரைக் கையாளும் மெர்ச்சன்டைசருக்கும் காப்பி போகணும். ஓவர்டைமுக்கு இரட்டிப்புக் கூலி தனி வரியாகச் சீட்டில் வந்ததா என்று அடுத்த மாதமே பாருங்கள், ஆறு மாதம் காத்திருக்க வேண்டாம். எஃபிஷியன்சி 55-லிருந்து 62-க்குப் போனால் நாளைக்கு 992 பீஸ். அப்போதும் 21 நாளில் 25,000 வராது. இதையும் எழுதுங்கள்.

முந்திரிக்காடு
பண்ருட்டி முந்திரி. ஏற்றுமதி பையருக்காகச் செய்த ஆடிட். கொட்டையை ஆவியில் வேகவைத்து, ஆறவிட்டு, கால்மிதி மெஷினில் உடைப்பார்கள். ஓட்டிலிருந்து வடியும் எண்ணெய் பட்டால் தோல் வெந்துவிடும். அன்றைக்கு எல்லாப் பெண்களும் கையுறையோடு உட்கார்ந்திருந்தார்கள். பாக்கெட்டில் மடித்த மடிப்புக்கூட கலையாத கையுறை. கழற்றச் சொன்னதும் விரல் நுனி அத்தனையும் கறுப்பு. கையுறையோடு பருப்பைத் தோண்டி எடுக்க வராது, பீஸ் ரேட்டில் கூலி பாதியாகிவிடும். அதனால் தினம் கையில் பூசுவது விளக்கெண்ணெயும் சாம்பலும்தான். விரல் நுனி மட்டும் திறந்த உறையும், அதோடு பீஸ் ரேட் மாற்றமும் வந்தால்தான் போடுவார்கள்.

அதைவிட உறுத்துவது கேட் நோட்டு. போர்மா என்கிற சூட்டறையில் காய்ந்த பருப்பு, தோல் உரிக்க டின் டின்னாக ஊருக்குள் வீடுகளுக்குப் போகிறது. ஆடிட் ஸ்கோப் கம்பெனி கேட்டோடு முடிந்துவிடும். வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து யார் உரிக்கிறார்கள் என்று எந்தப் படிவமும் கேட்பதில்லை.

பாகூர்க்காரர்
லைன் ப்ளானிங் சார் சொல்வது சரி, ஆனால் எல்லாவற்றையும் பையர் தலையில் கட்டாதீர்கள். புதுச்சேரியில் மில் தொழிலாளர் 12 பேர் பிரெஞ்சு போலீஸ் சுட்டுச் செத்தது 1936 ஜூலை 30. அடுத்த வருஷம் 8 மணி நேர வேலை வந்த ஊர் இது. கேட்கச் சங்கம் இருந்தது, வந்தது. சேதராப்பட்டில் இன்று எத்தனை யூனிட்டில் சங்கம் இருக்கிறது?

ஊசிக்கணக்கு
சங்கம் வேண்டும், மறுக்கவில்லை. சான்றிதழை நம்பாதே என்பதற்குக் கராச்சி போதும். அங்கே ஆடை தைத்த அலி எண்டர்பிரைசஸுக்கு எஸ்ஏ 8000 (தொழிலாளர் நிலைக்கான சான்றிதழ்) கிடைத்தது 2012 ஆகஸ்டில், தீ பிடித்தது செப்டம்பர் 11. செத்தது 250-க்கும் மேல்.

அந்தத் தையல் யூனிட்டில் பின்னால் நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். ஃபாலோ அப் ஆடிட்டில் ஊசி ரெஜிஸ்டரில் ஒரு ஞாயிறுகூட இல்லை. ஆனால் ஆறு மாதப் பக்கங்களிலும் செல்லோடேப் ஒரே பளபளப்பு. ஆறு மாதம் ஆன டேப் மஞ்சளித்து ஓரம் தூக்கியிருக்கும்.