அடிபட்ட அன்று எழுதப்படும் முதல் தாள்

லயத்து மகள், சுங்கை சிப்புட்:

அப்பாவின் கண்ணில் செம்பனை முள் பாய்ந்த கதையை இன்று முழுதாகச் சொல்லிவிடுகிறேன். போன வாரம் பாசாரில் ஓர் அக்காவைப் பார்த்தேன். அவர் வீட்டுக்காரர் தோளில் செம்பனைக் குலை விழுந்து இரண்டு மாதமாகிறதாம், இன்னும் சொக்சோவுக்கோ (வேலையில் அடிபடுகிற தொழிலாளர்களுக்கான நம் மலேசியக் காப்புறுதி அமைப்பு) வேறு எந்த அலுவலகத்துக்குமோ போகவில்லையாம். கேட்டதிலிருந்து மனசு அடங்கவில்லை.

அப்பாவுக்கு அப்போது 61 வயது. தோட்டத்து வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும், அதே தோட்டத்தில் ஒரு கொன்ட்ரேக்டரிடம் குலை வெட்டப் போய்க்கொண்டிருந்தார். ஒரு நாள் காலை பத்து மணிக்கு, வெட்டிய மட்டையை இழுக்கும்போது முள் இடது கண்ணில் பாய்ந்துவிட்டது. மண்டோர் (வேலையை மேற்பார்க்கிறவர்) மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு வந்து வீட்டில் இறக்கிவிட்டார். ஆஸ்பத்திரியில் அல்ல, வீட்டில். கொன்ட்ரேக்டர் போனில் சொன்னது இதுதான்: "அண்ணே, வீட்ல தேங்கா மட்டை உரிக்கும்போது பட்டுச்சுன்னு சொல்லிடுங்க. 60 தாண்டினவங்களுக்கு சொக்சோ கிடையாது. செலவ நான் பாத்துக்கிறேன்."

அப்பா சரி என்றுவிட்டார். சோறு போட்டவனைக் காட்டிக்கொடுக்கக் கூடாது என்று நினைக்கிற தலைமுறை அது. நாற்பது வருடம் விடியற்காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) போய் நின்றவருக்கு, "எனக்கும் ஓர் உரிமை உண்டு" என்று வாயைத் திறப்பது அவ்வளவு சுலபமாக வந்துவிடாது.

ஆஸ்பத்திரியில் டாக்டர் மலாயில் கேட்டார், எங்கே பட்டது என்று. அப்பா "டி ரூமா" (வீட்டில்) என்று ஆரம்பித்தார். நான் குறுக்கே புகுந்து, இல்லை டாக்டர், தோட்டத்தில் குலை வெட்டும்போது என்றேன். அப்பா மேசைக்குக் கீழே என் கையை இறுக்கிப் பிடித்தார். டாக்டர் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு அப்பாவிடமே மறுபடி கேட்டார். அப்பாவுக்கு ஒரு கண்ணில் பஞ்சு, இன்னொரு கண்ணில் தண்ணீர். கொஞ்ச நேரம் கழித்து, "பொத்தோங் சாவிட்" (செம்பனை வெட்டும்போது) என்றார். டாக்டர் அதை அப்படியே எழுதினார்.

பின்னால் நடந்த எல்லாவற்றையும் அந்த ஒரு வரிதான் தாங்கி நின்றது. வீட்டில் பட்டது என்று பதிவாகியிருந்தால், அதை மாற்ற நாங்கள் என்ன பாடு பட்டிருப்போமோ தெரியாது.

விபத்து நடந்தால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். எங்கள் விஷயத்தில் யாரும் தெரிவிக்கவில்லை. நாங்களே ஈப்போவில் சொக்சோ அலுவலகத்துக்குப் போய் விசாரித்தால், அப்பா பெயரில் பல மாதமாகச் சந்தாவே கட்டவில்லை. அந்த இடத்தில் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஆனால் கவுண்டரில் இருந்த மலாய் அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, நிதானமாக விளக்கினார். சந்தா கட்டாதது முதலாளியின் குற்றம். அதற்காக வேலையிடத்தில் அடிபட்டவரின் உரிமை போய்விடாது. அவர் அங்கே வேலை செய்தார் என்று காட்டினால் போதும். 60 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கும் வேலையிட விபத்துக் காப்புறுதி உண்டு. அதற்கான 1.25 விழுக்காட்டை முதலாளி மட்டுமே கட்ட வேண்டும், தொழிலாளியின் சம்பளத்தில் கை வைக்க முடியாது. 60 தாண்டினால் கிடையாது என்று எத்தனை பேரை இப்படி வாயடைத்திருக்கிறார்களோ!

சரி, வேலை செய்ததற்கு என்ன சாட்சி? சம்பளச் சீட்டு கிடையாது, காசு கையில்தான் வந்தது. அப்பா மெதுவாக எழுந்து போய் சாமி மேடைக்குக் கீழேயிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்தார். உள்ளே நான்கு 555 புத்தகங்கள், கடையில் கடன் கணக்கு எழுதுகிற சின்னக் குறிப்புப் புத்தகங்கள். தேதி, எந்த நிரை, எத்தனை குலை, எத்தனை வெள்ளி வந்தது, எவ்வளவு பாக்கி, எல்லாம் பென்சிலில். செம்பனை எண்ணெய்க் கறை படிந்து சில பக்கங்கள் கண்ணாடி மாதிரி ஆகிவிட்டிருந்தன. அவற்றோடு கூட வேலை செய்த இரண்டு பேரின் வாக்குமூலத்தையும் சேர்த்துக் கொடுத்தோம்.

எம்.சி.யில் (டாக்டர் எழுதித் தரும் மருத்துவ விடுப்பில்) இருந்த நாட்களுக்குத் தினச் சம்பளத்தில் 80 விழுக்காடு வந்தது. (எம்.சி. குறைந்தது நான்கு நாளாவது இருக்க வேண்டும், இதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.) அப்புறம் பாதிப்பு எத்தனை விழுக்காடு என்று கணிக்கும் மருத்துவ வாரியம் கூப்பிட்டது. கண் பார்வை திரும்பவில்லை. பாதிப்பு 20 விழுக்காட்டைத் தாண்டியதால் ஒரு பகுதியை மொத்தமாகவும் மீதியை மாதாமாதமும் வாங்குகிறார். 20க்கு உள்ளே என்றால் முழுவதையும் ஒரே தடவையாக எடுத்துக்கொள்ளலாம். வாரியம் போட்ட விழுக்காடு குறைவு என்று பட்டால் 90 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம். அந்தக் கடிதத்தை மடித்து அலமாரியில் வைத்துவிடாதீர்கள்.

கொன்ட்ரேக்டர் இப்போது அப்பாவிடம் பேசுவதில்லை. அப்பாவுக்கு இன்னும் அந்த வருத்தம் இருக்கிறது.

லிந்தாங் பையன்:

அக்கா, எங்கள் வீட்டில் நடந்தது வேறு மாதிரி. அண்ணன் இரவு வேலை முடிந்து மோட்டாரில் வரும்போது லாரி இடித்துக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. வேலைக்குப் போகிற வழி, வருகிற வழி இரண்டுக்கும் சொக்சோ உண்டு என்பதே எங்களுக்கு அன்றுதான் தெரியும். ஆனால் நேர் வழியாக இருக்க வேண்டும். சொந்த வேலையாக வேறு பக்கம் திரும்பியிருந்தால் சிக்கல். வழியை வரைந்து கொடுக்கச் சொன்னார்கள், சூராவ் (சின்னத் தொழுகை இடம்), பாலம், சாப்பாட்டுக் கடை எல்லாம் போட்டு நான்தான் வரைந்தேன். சாலை விபத்துக்கு 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்ய வேண்டும் என்பதால் அதையும் அன்று இரவே செய்தோம்.

நான் சொல்ல வந்தது வார்டில் நடந்ததைப் பற்றி. இரண்டாம் நாள் ஒருவர் வந்தார். நம்மவர்தான், அழகாகத் தமிழ் பேசினார். அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, "ஒரு காசு வேணாம்மா, கேஸ் ஜெயிச்சா மூணுல ஒரு பங்கு குடுத்தா போதும்" என்றார். அம்மா எழுதாத தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டார். 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி, ஜெயித்தால்தான் கட்டணம் என்று வழக்கறிஞர் ஒப்பந்தம் போடவே கூடாது. ஈப்போவில் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தில் ஓர் இளம் வழக்கறிஞர் இதைச் சொன்னபோது அம்மா அழுதேவிட்டார். லாரிக்காரர் மேல் வழக்குப் போட ஆறு வருடம் வரை அவகாசம் இருக்கிறது, சொக்சோவில் வாங்குவதால் அந்த உரிமை போய்விடாது, அவசரப்பட்டு எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம் என்றார். எங்களை அவசரப்படுத்தியது அந்த வார்டுக்காரர் மட்டும்தான்.

பால்மரத்து வீடு:

எங்கள் லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இப்போது பாதிப் பேர் வங்காளதேசத்துத் தம்பிகள். ஒருவருக்கு அரிவாள் நழுவிக் கணுக்கால் நரம்பு அறுந்தது. அவர்களுக்கும் 2019 ஜனவரி முதல் சொக்சோ உண்டு என்று சொன்னால் நம்பவே மாட்டேன் என்கிறார். பாஸ்போர்ட் அவர் கையில் இல்லை. யாரிடம் போவது?

லயத்து மகள், சுங்கை சிப்புட்:

பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்திருப்பதே சட்டப்படி குற்றம். அதைத் தொழிலாளர் இலாகாவில் சொல்லுங்கள், அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். ஆஸ்பத்திரி அட்டையில் எங்கே அடிபட்டது என்று எழுதியிருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அதையும் எம்.சி.யையும் போனில் படம் எடுத்து இரண்டு பேரிடமாவது வையுங்கள்.

செவ்வாய்க்கிழமை அந்த பாசார் அக்காவையும் வீட்டுக்காரரையும் ஈப்போவுக்கு அழைத்துப் போகிறேன். காலை ஏழரைக்குக் கிளம்புவோம். காரில் இன்னும் இரண்டு பேருக்கு இடம் இருக்கிறது, தம்பியையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.