ஆன்லைன் பயிற்சி முடித்துக் காற்றாலை, சோலார், எண்ணெய் வயல் வேலைக்கு வந்தவர்கள்: உங்கள் அனுபவம்?

ஆரல்வாய்க்காரன்:

ரொம்ப நாளாக மனதிலேயே கிடக்கிறது, எழுதிவிடுகிறேன். முப்பந்தல் பக்கம் காற்றாலை சர்வீஸ் டீமில் இருக்கிறேன். காற்று சீசன் தொடங்குவதற்கு முந்தைய சர்வீஸ். புதுப் பையன் ஒருவனை என்னோடு அனுப்பினார்கள். வள்ளியூர்ப் பக்கம், டிப்ளமோ மெக்கானிக்கல். கம்பெனி கொடுத்த ஆன்லைன் கோர்ஸ் எல்லாம் முடித்திருந்தான், எல்லாவற்றிலும் 90க்கு மேல் மதிப்பெண். கீழே நின்று பேசும்போது கேட்டதற்கெல்லாம் டக் டக்கென்று பதில் வந்தது. இறக்கையின் கோணத்தை மாற்றும் பிட்ச் எதற்கு, மிஷின் தலையைக் காற்றுப் பக்கம் திருப்பும் யா எதற்கு, நொடிக்கு 25 மீட்டர் காற்றடித்தால் மிஷின் ஏன் தானாக நிற்கிறது, எல்லாம் தெரியும். எனக்குச் சந்தோஷம்தான்.

இந்தப் பக்கம் 1990களில் வந்த 225, 250 கிலோவாட் மிஷின்கள் இன்னும் நிற்கின்றன, அதெல்லாம் குட்டை. நாங்கள் போனது புது மிஷின். லிஃப்ட் வேலை செய்யவில்லை, ஏணிதான். நான் முதலில் ஏறி இரண்டாவது பிளாட்ஃபார்மில் நின்றுகொண்டு, மூடியைத் திறந்து அவனை வரச் சொன்னேன். பாதிக்கு மேல் நன்றாகத்தான் வந்தான். பிளாட்ஃபார்முக்குக் கொஞ்சம் கீழே உடம்பு பின்னால் சாய்ந்ததும், பெல்ட்டை ஏணியோடு சேர்த்து விழாமல் பிடிக்கும் ஸ்லைடர் லாக் ஆகிவிட்டது. அது லாக் ஆவதுதான் அதன் வேலை. ஒரு படி மேலே மிதித்து உடம்பை ஏணியோடு ஒட்டினால் விட்டுவிடும். கோர்ஸில் இதற்கே ஒரு கேள்வி உண்டு, அவன் சரியாக எழுதியிருக்கிறான்.

ஆனால் அவன் ஏணியைக் கட்டிப்பிடித்துவிட்டான். மேலிருந்து டார்ச் அடித்துப் பார்த்தேன், விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. "தம்பி, இடது காலை ஒரு படி மேலே வை" என்றேன். அவன் சொன்னான்: "அண்ணாச்சி, என்ன செய்யணும்னு எனக்குத் தெரியுது. கை வரமாட்டேங்குது."

அந்தக் குரல் இன்னும் காதிலேயே இருக்கிறது. குப்புறப் படுத்து, மூடி வழியாகத் தலையை நீட்டி, அவன் அம்மா என்ன சமைப்பார்கள் என்றெல்லாம் பேசிப் பேசித்தான் அந்த ஒரு கால் நகர்ந்தது. இறங்கி வந்த பிறகுதான் தெரிந்தது, உயரத்தில் வேலை செய்யும் பயிற்சியின் பிராக்டிகலுக்கு அவனுக்கு இன்னும் தேதியே கிடைக்கவில்லை. தியரி முடித்ததற்கு வந்த பச்சை டிக்கைப் பார்த்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று சூப்பர்வைசர் அனுப்பிவிட்டார். உங்கள் இடத்தில் எப்படி?

வெயில்_விருதுநகர்:

அண்ணா, உங்கள் கதையைப் படித்ததும் வயிற்றைக் கலக்கியது. ஆனால் ஆன்லைன் என்றாலே வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அனுபவம் நேர்மாறு.

2016இல் கமுதியில் 648 மெகாவாட் சோலார் பிளாண்ட் வந்தபோது நான் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்துத்தான் இந்தத் துறைக்கு வர ஆசை. பாலிடெக்னிக் முடித்து, கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்தே சோலார் கோர்ஸ் படித்து, பிறகு வேறொரு பிளாண்டில் சேர்ந்தேன். என்னோடு இருந்த எலக்ட்ரீஷியன் அண்ணன் இருபது வருஷம் மில்லிலும் வீடுகளிலும் வயரிங் செய்தவர். கை சுத்தம். யாரையும் மட்டம் தட்டமாட்டார்.

நடு மத்தியானம். மானிட்டரில் ஏழாவது ஸ்ட்ரிங்கில் (வரிசையாக இணைத்த பேனல்கள்) கரன்ட் பூஜ்யம் என்று காட்டியது. ஃபியூஸ் போயிருக்கும் என்று, ஸ்ட்ரிங் வயர்கள் எல்லாம் ஒன்றுசேரும் காம்பினர் பாக்ஸைத் திறந்தோம். அதன் மெயின் சுவிட்சான ஐசோலேட்டரை ஆஃப் செய்தால் அந்தப் பாக்ஸில் சேரும் அத்தனை ஸ்ட்ரிங்கும் நின்றுவிடும், உற்பத்தி ஏன் குறைந்தது என்று மேலே கேள்வி வரும். "அந்த ஸ்ட்ரிங் செத்துத்தானம்மா கிடக்கு" என்று ஃபியூஸ் ஹோல்டரில் கையை வைத்துவிட்டார். நான் பாய்ந்து அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "அண்ணே, கிளாம்ப் மீட்டர் போட்டுப் பார்த்துடுவோம்" என்றேன்.

மீட்டரில் 8 ஆம்பியர் ஓடிக்கொண்டிருந்தது. பாக்ஸில் நம்பர் ஒரு பக்கமிருந்து போட்டிருக்கிறார்கள், மானிட்டரில் எதிர்ப் பக்கமிருந்து. நிஜமாகவே செத்த ஸ்ட்ரிங் மறு ஓரத்தில் இருந்தது.

கோர்ஸில் ஒரு வீடியோ. லோடு ஓடும்போது டிசி (ஒரே திசையில் ஓடும் கரன்ட்) கனெக்டரைப் பிடுங்குவார்கள். இரண்டு முனைக்கும் நடுவே நெருப்பு நீண்டுகொண்டே போகும், அணையாது. நம் வீட்டுக்கு வரும், திசை மாறி மாறி ஓடும் ஏசி கரன்ட் நொடிக்கு 100 தடவை பூஜ்யத்தைத் தொடும், அதனால் பொறி தானாக அணைய வாய்ப்பு உண்டு. டிசியில் அந்தப் பூஜ்யமே கிடையாது. அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்திருந்ததால்தான் என் கை அவர் மணிக்கட்டுக்குப் போனது.

அவர் ஒன்றும் சொல்லாமல் ஐசோலேட்டரை இறக்கினார். சாயங்காலம் டீக்கடையில், "அந்த வீடியோவை எனக்கும் அனுப்பும்மா" என்று கேட்டார். முழுக்க ஆங்கிலம். உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னேன். இருபது வருஷம் கரன்ட்டோடு வாழ்ந்த மனிதருக்கு டிசி வேறு மாதிரி என்று ஒருவரும் சொல்லிக்கொடுக்காமல் அந்தப் பாக்ஸின் முன்னால் நிறுத்தியிருக்கிறார்களே, அதுதான் இன்னும் உறுத்துகிறது.

மஸ்கட்_ராமநாதபுரம்:

எண்ணெய் வயல் பக்கத்துக் கதை. ஊரிலிருந்து வந்த ஒரு தம்பி, எச்2எஸ் (ஹைட்ரஜன் சல்ஃபைடு விஷவாயு) பாதுகாப்பு சர்டிபிகேட்டோடு வந்தான். ஏஜென்ட் லிங்க் அனுப்பியிருக்கிறார், கேள்விகளுக்குப் பதில் அழுத்தியதுகூட ஏஜென்ட் ஆபீஸ் ஆள்தான். அதற்குத் தனியாகக் காசு.

சைட்டில் சேஃப்டி ஆபீசர், "வாயு கசிந்தால் எப்படித் தெரியும்?" என்று கேட்டார். "அழுகிய முட்டை வாடை வரும் சார்." "வாடை வந்தது, இப்போது நின்றுவிட்டது. என்ன அர்த்தம்?" தம்பி கொஞ்சம்கூட யோசிக்காமல், "கசிவு நின்னுடுச்சு சார்" என்றான்.

கூட நின்ற எங்கள் எல்லோருக்கும் தூக்கிவாரிப்போட்டது. காற்றில் 100 பிபிஎம் (பத்து லட்சத்தில் 100 பங்கு) பக்கம் போனாலே மூக்கு மரத்துவிடும். வாடை நின்றால் ஓட வேண்டும், காற்றுக்குக் குறுக்காக ஓட வேண்டும். அதற்குத்தானே சட்டையில் மானிட்டர் மாட்டிவிடுகிறார்கள். பிறகு மாஸ்க் போட்டுக் காட்டச் சொன்னார்கள், தாடியால் ஓரம் ஒட்டவே இல்லை. தாடியோடு மாஸ்க் நிற்காது என்பது நேரில் ஒரு முறை போட்டுப் பார்த்தாலே புரிந்துவிடும்.

அவனைத் திருப்பி அனுப்பவில்லை. அங்கேயே முதலிலிருந்து சொல்லிக்கொடுத்தார்கள், நல்ல மனிதர்கள். ஏஜென்ட்டை நினைத்தால்தான் ஆறவில்லை.

ஓய்வுபெற்ற லைன்மேன்:

வணக்கம். மின்வாரியத்தில் கம்பம் ஏறியே வாழ்ந்தவன். என் கதை சின்னது. எல்சி (லைன் கிளியர், லைனில் வேலை செய்ய அனுமதி) வாங்கியாயிற்று, ஃபீடர் ஆஃப், உதவியாளர் தம்பி மேலே ஏறத் தயார். நான் வழக்கப்படி, லைனில் இருக்கும் கரன்ட்டை எர்த்துக்கு இறக்கும் டிஸ்சார்ஜ் ராடு போட்டேன். படீர் என்று பொறி பறந்தது. ஒரு கல்யாண மண்டபத்து ஜெனரேட்டர், வெளி லைனைத் துண்டிக்கும் சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் லைனுக்குள் கரன்ட்டைத் தள்ளியிருக்கிறது. டிரான்ஸ்பார்மர் வழியாகத் திரும்பி வந்தால் 11 கேவி, அதாவது 11,000 வோல்ட். அந்தத் தம்பி கீழே அப்படியே உட்கார்ந்துவிட்டான்.

சரி, பிள்ளைகளே, நீங்கள் கேட்காவிட்டாலும் சில விஷயம் சொல்கிறேன். ஆஃப் செய்தேன் என்று ஒருவர் சொல்வதை வைத்துத் தொடாதீர்கள். பூட்டுப் போட வேண்டும், சாவி உங்கள் பாக்கெட்டில் இருக்க வேண்டும். டெஸ்டரை முதலில் கரன்ட் இருக்கும் இடத்தில் வைத்து அது சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அப்புறம் வேலை செய்யும் இடத்தில் வைக்க வேண்டும். செத்துப்போன டெஸ்டர் எல்லா லைனையும் செத்தது என்றுதான் காட்டும். அடுத்து எர்த். வேலை செய்யும் இடத்துக்கு இரண்டு பக்கமும் எர்த். ஒரு பக்கம் போட்டுவிட்டு மறுபக்கத்திலிருந்து கரன்ட் வந்து செத்துப்போனவர்களின் வீட்டுக்கு மாலை வாங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

இப்போது இன்னும் ஜாக்கிரதை வேண்டும். 2024இல் பிரதமர் சூர்ய கர் திட்டம் வந்ததிலிருந்து மாடிக்கு மாடி சோலார். 3 கிலோவாட் போட்டால் 78,000 ரூபாய் மானியம், யாருக்குத்தான் ஆசை வராது? முறைப்படி போட்ட இன்வெர்ட்டர் லைனில் கரன்ட் நின்றால் தானும் நின்றுவிடும். கூடவே பேட்டரி வைத்து இஷ்டத்துக்கு வயரை மாற்றிய வீடுகளை நம்ப முடியாது. அதனால் பழைய ஆட்களும் படிக்க வேண்டியது நிறைய இருக்கிறது என்று விருதுநகர் அம்மா சொல்வதை ஏற்கிறேன்.

காற்றாலைக்குப் போகிற தம்பிகளுக்கு: ஜிடபிள்யூஓ (குளோபல் விண்ட் ஆர்கனைசேஷன்) அடிப்படைப் பாதுகாப்புச் சான்றிதழ் 2 வருஷத்துக்குத்தான் செல்லும். தரையில் நிற்கும் காற்றாலைக்கு முதலுதவி, தீ, பளு தூக்குதல், உயரம் என நான்கு பாடம். கடலுக்குள் போனால்தான் ஐந்தாவது. கட்டணம் கம்பெனி கட்டுமா, நீங்கள் கட்டணுமா என்று சேரும் முன்னாலேயே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று கோர்ஸுக்குக் காசு கேட்பவர்களிடம் கொடுக்காதீர்கள். ஷூவை நீங்களே பார்த்து வாங்குங்கள். சாப்பிடாமல் ஏறாதீர்கள்.

ஆனால் ஆரல்வாய்க்காரன் தம்பி, ஒன்று கேட்கிறேன். பிராக்டிகல் இல்லாத பிள்ளையை ஏணியில் ஏற்றலாமா? கீழே நிற்கும்போதே அவன் கார்டை வாங்கிப் பார்க்க வேண்டாமா? எங்கள் காலத்தில் கம்பம் ஏறிக் காட்டாமல் கிட்டேயே விடமாட்டோம்.

வெயில்_விருதுநகர்:

ஐயா, எர்த் இரண்டு பக்கமும் போடச் சொன்னதை எழுதி வைத்துக்கொண்டேன். ஆனால் அந்தப் பழியை அண்ணன் தலையில் போடாதீர்கள். போர்ட்டலில் முடிந்தது என்று இருந்தால் சைட்டில் இருப்பவர் என்ன செய்வார்? அனுப்பியவரைக் கேளுங்கள்.

மில்_ஊர்_பயிற்சியாளர்:

நான் இந்த ஆன்லைன் வகுப்புகளை நடத்தும் பக்கத்தில் இருப்பவன். திருப்பூர்ப் பக்கப் பிள்ளைகள் அதிகம். பல்லடம், உடுமலை காற்றாலைகளில் வேலை கிடைக்கும் என்று சேருகிறார்கள்.

ஒரு பையன் வீடியோக்கள் எல்லாவற்றையும் இரட்டை வேகத்தில் ஓடவிட்டிருந்தான். பதிவைப் பார்த்தேன், எல்லாமே ராத்திரி இரண்டு, மூன்று மணி. திட்டுவதற்காகத்தான் போன் போட்டேன். பின்னால் தறிச் சத்தம். நைட் ஷிப்டில் மிஷின்களுக்கு நடுவே போனை ஸ்டூலில் சாய்த்து வைத்துப் படித்திருக்கிறான். "சார், சத்தத்துல குரல் கேக்காது. எழுத்தை மட்டும் படிச்சுக்குவேன்" என்றான். மீட்பு பற்றிய பாடத்தில் எழுத்தே கிடையாது, குரல் மட்டும்தான். ஹார்னஸில் (உடம்பில் மாட்டும் பாதுகாப்புப் பெல்ட்) தொங்குபவரை ஏன் அப்படியே அதிக நேரம் விடக்கூடாது, காலில் ரத்தம் தேங்கினால் என்ன ஆகும் என்பதெல்லாம் அதில்தான் வருகிறது. ஒரு சொல்கூட அவன் காதில் விழாமல் அந்தப் பாடம் முடிந்ததாகப் பதிவாகியிருந்தது.

உடனே எல்லா வீடியோவுக்கும் கீழே தமிழ் எழுத்து ஓட வைத்தோம். வேக பட்டனை எடுத்துவிடலாம் என்று சிலர் சொன்னார்கள், நான் எதிர்த்தேன். தூக்கத்தை விட்டுப் படிக்கிற பிள்ளையின் நேரத்தை இன்னும் பிடுங்கக் கூடாது. 2022இல் தமிழக அரசின் ‘நான் முதல்வன்’ திட்டம் வந்த பிறகு கல்லூரிப் பிள்ளைகள் பலருக்கு ஆன்லைனில் படிக்கும் பழக்கம் வந்துவிட்டது. இவனைப் போல வேலை பார்த்துக்கொண்டே படிப்பவனுக்கு வேறு வழியே இல்லை. ஆன்லைனை எடுத்துவிட்டால் சென்னை, கோவையில் தங்கிப் படிக்க வசதி இருக்கிறவன் மட்டும்தான் உள்ளே வருவான்.

ஆரல்வாய்க்காரன்:

ஐயா கேட்டதற்குப் பதில். கார்டில் பாடத்தின் பெயரும் பக்கத்தில் ஒரு டிக்கும் மட்டும்தான் இருக்கும். தியரியா பிராக்டிகலா என்று பிரித்துப் போட்டிருக்காது. பார்த்துவிட்டுத்தான் ஏற்றினேன்.

பையன் இப்போதும் எங்களோடுதான் இருக்கிறான். பிராக்டிகல் கிடைக்கும்வரை மானிட்டரிங் ரூமில் உட்கார வைத்திருக்கிறோம். எரர் கோடு வந்தால் நாங்கள் வண்டியை எடுப்பதற்குள், எந்த சென்சாராக இருக்கும், எந்த ஸ்பேர் வேண்டும் என்று சொல்லிவிடுகிறான். அந்த ஆன்லைன் பாடம் அங்கே முழுசாகப் பயன்படுகிறது. இதையும் சொல்லத்தான் வேண்டும்.

டிக்கை இரண்டாகப் பிரியுங்கள், கையால் செய்து காட்டியதற்குத் தனிக் கட்டம் வையுங்கள், அதில் பயிற்சி கொடுத்தவரின் கையெழுத்து இருக்கட்டும் என்று மேலே எழுதிக் கொடுத்திருக்கிறேன். போர்ட்டல் வெளியாள் செய்தது, மாற்றச் செலவாகும் என்கிறார்கள். உங்கள் கம்பெனியில் யாராவது இதைக் கேட்டு வாங்கியிருந்தால், யாரிடம் பேசினீர்கள், எப்படி எழுதிக் கொடுத்தீர்கள் என்று இங்கே போடுங்கள். சீசன் வருவதற்குள் இன்னும் நான்கு பிள்ளைகள் சேரப்போகிறார்கள்.